ஊர் போயிற்று, கதையும் போகலாமா?

தனுஷ்கோடியில் வாழ்ந்தவர்களின் நினைவுகளை இன்றே எழுதி வைக்க வேண்டும்

சென்னை எழும்பூரில் ஒருவர் ரெயில் ஏறுகிறார். அவர் கையில் இருப்பது ஒரே ஒரு டிக்கெட். அதில் போட்டிருக்கும் ஊர், கொழும்பு!

"ரெயில் ஏறி இலங்கைக்குப் போவதாவது! நடுவில் கடல் இருக்கிறதே!" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆனால் அது உண்மை. 1914-ம் ஆண்டு முதல் 1964-ம் ஆண்டு வரை நம்முடைய தாத்தாக்களும் பாட்டிகளும் அப்படித்தான் போனார்கள். அப்படித்தான் வந்தார்கள்.

எழும்பூரில் புறப்பட்ட ரெயில் பாம்பன் பாலத்தைத் தாண்டும். ராமேசுவரம் தீவுக்குள் நுழையும். தீவின் கிழக்குக் கோடியில் போய் நிற்கும். அங்கே கப்பல் தயாராக இருக்கும். பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிக் கப்பலில் ஏறுவார்கள். ஏறக்குறைய 18 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கே இலங்கை ரெயில் நிற்கும். அது கொழும்பில் கொண்டு போய் இறக்கி விடும்.

ரெயில், கப்பல், மறுபடியும் ரெயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! இந்த ரெயிலை மக்கள் 'போட் மெயில்' என்று அழைத்தார்கள். சென்னையிலிருந்து ராமேசுவரம் செல்லும் ரெயிலை அந்தப் பெயரால் அழைப்பவர்கள் இன்றும் உண்டு.

ரெயிலும் கப்பலும் கைகோத்து நின்ற அந்தச் சின்னஞ்சிறு ஊர்தான் தனுஷ்கோடி.

இன்று அங்கே ரெயில் இல்லை. கப்பல் இல்லை. அந்த ஊரும் இல்லை. ஆனால் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு கடலுக்கு நடுவே

தனுஷ்கோடி இருந்த இடம் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் பாக் நீரிணை. மறு பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் கடலை அந்தப் பக்கத்து மக்கள் 'பெண் கடல்' என்பார்கள். அலை வீசி ஆர்ப்பரிக்கும் கடல் 'ஆண் கடல்'. இரண்டும் சேரும் இடத்துக்கு அரிச்சல்முனை என்று பெயர்.

இரண்டு பக்கமும் உப்பு நீர்தான். ஆனால் மணலைச் சில அடி தோண்டினால் குடிக்க நல்ல தண்ணீர் ஊறும். இயற்கையின் விந்தைகளில் இதுவும் ஒன்று.

காசிக்குப் போனவர்கள் சேதுவில் நீராடினால்தான் யாத்திரை முற்றுப் பெறும் என்பது பழைய நம்பிக்கை. அதனால் யாத்திரிகர்கள் இந்த முனைக்கு நெடுங்காலமாக வந்தார்கள்.

ஆனால் மணல் திட்டை ஊராக்கியது ரெயில்தான். 1914-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை இலங்கைக் கப்பலுக்குத் தூத்துக்குடியில் காத்துக் கிடந்தவர்கள், இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ரெயில் வந்ததும் ஸ்டேஷன் வந்தது. கப்பல் வந்ததும் துறைமுக ஆபீஸும் சுங்க ஆபீஸும் வந்தன. பிறகு தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோவில், மாதா கோவில், கடைகள், சத்திரம் என்று ஊர் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் தனுஷ்கோடிக்குத்தான் முக்கிய ரெயில் பாதை. புகழ் பெற்ற ராமேசுவரத்துக்குப் போவது கிளைப் பாதை! பாம்பனில் பாதை பிரியும். சின்ன ஊராக இருந்தாலும் தனுஷ்கோடிக்கு அவ்வளவு மதிப்பு.

அந்த வழியாகப் போனவர்கள் யார்?

போட் மெயிலில் போனவர்கள் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் மட்டும் அல்ல. அவர்களை விடப் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் ஏழைத் தொழிலாளர்கள்.

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் தேயிலை பறித்தவர்கள் நம் மக்கள். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களில் பிழைக்க வழி இல்லாமல் புறப்பட்டவர்கள். முந்தைய தலைமுறையினர் தோணியில் மன்னார் பக்கம் போய் இறங்கி, காட்டு வழியே மலைநாடு வரை கால் நடையாகவே போனார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம்.

ரெயிலும் கப்பலும் வந்த பிறகு அந்தக் கொடுமை குறைந்தது. மண்டபத்தில் ஒரு முகாம் அமைந்தது. தொழிலாளர்களை அங்கே தங்க வைப்பார்கள். காலரா, அம்மை, பிளேக் போன்ற நோய் உண்டா என்று சோதிப்பார்கள். அம்மை குத்துவார்கள். பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றுவார்கள்.

நினைத்துப் பாருங்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, தலையில் ஒரு தகரப் பெட்டி. கப்பல் நகருகிறது. தனுஷ்கோடிக் கரை மெல்ல மெல்ல மறைகிறது. அந்தத் தாய் கடைசியாகப் பார்த்த தாய்நாட்டு மண் அதுதான்.

அந்தக் குடும்பங்களின் தலைவிதியை 1964-ம் ஆண்டு இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிவு செய்தன. அக்டோபர் மாதம் 30-ந் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் முடிவாயிற்று. மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் பற்றிப் பிறகு பேசிக் கொள்ளலாம் என்று விட்டார்கள்.

தாத்தா கப்பல் ஏறிய அதே துறைக்குப் பேரன் திரும்பி வர வேண்டிய நேரம். அதற்குள் அந்தத் துறையே இல்லாமல் போயிற்று. ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட நிறையவில்லை!

ஓர் இரவில்...

1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நடுவில், அந்தமானுக்குத் தெற்கே கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தது. அது புயலாக மாறியது. 22-ந் தேதி இலங்கையின் வவுனியாவைத் தாக்கியது. அன்று இரவு தனுஷ்கோடிக்கு வந்தது.

அந்த இரவில் பாம்பனில் இருந்து ஒரு பாசஞ்சர் ரெயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அதன் எண் 653. புயலில் சிக்னல் வேலை செய்யவில்லை. ஊரை நெருங்கிய ரெயில் தயங்கி நின்று, பிறகு ஊதிக்கொண்டே முன்னேறியது என்று சொல்வார்கள். ஊருக்குள் நுழையும் முன்பே 20 அடிக்கும் உயரமான அலை அதை வாரிச் சுருட்டியது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பொழுது விடிந்தபோது ஊரும் இல்லை. வீடுகள், கடைகள், ஸ்டேஷன், துறை மேடை எல்லாம் நாசம். தந்திக் கம்பியும் டெலிபோன் கம்பியும் அறுந்து கிடந்தன. அதனால் என்ன நடந்தது என்பது வெளி உலகுக்கு உடனே தெரியவில்லை. அந்தப் புயலில் மாண்டவர்கள் சுமார் 1,800 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

'இனி இந்த ஊர் மனிதர் வாழத் தகுதி அற்றது' என்று அரசாங்கம் அறிவித்தது. பிழைத்தவர்கள் ராமேசுவரத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் போய்விட்டார்கள். தனுஷ்கோடிக்கு மறுபடி ரெயில் ஓடவே இல்லை.

எண் தெரியும், பெயர் தெரியுமா?

மேலே சொன்ன புயல் கதையைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் வந்தால் பத்திரிகைகளும் எழுதுகின்றன. அதில் தவறு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனுஷ்கோடி செத்தது ஓர் இரவில். அது வாழ்ந்தது 50 ஆண்டு. நமக்குத் தெரிந்தது அந்த ஓர் இரவு மட்டுமே! அதற்கு முன்பு இருந்த 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகளையும் பகல்களையும் நாம் மறந்துவிட்டோம்.

ரெயிலின் எண் 653 என்று எல்லோருக்கும் தெரியும். அதில் 110 பிரயாணிகளும் 5 ஊழியர்களும் இருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் எப்படிச் சேருவார்கள்? சரி, கணக்கே சரி என்று வைத்துக்கொள்வோம். அந்த 115 பேரில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? அவர் எந்த ஊர்? என்ன வேலை? அந்த அர்த்தராத்திரியில் எதற்காகத் தனுஷ்கோடிக்குப் போனார்? அவருக்காக வீட்டில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தவர் யார்?

ஊரைப் பற்றியும் இப்படித்தான். கப்பல் வரும் நேரத்தில் ஸ்டேஷன் மேடையில் யார் யார் என்ன விற்றார்கள்? சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறந்தபோது பிரயாணிகள் என்ன பாடு பட்டார்கள்? பள்ளிக்கூடத்து வாத்தியார் யார்? மாதா கோவில் திருவிழா எப்படி நடந்தது? போர்ட்டர் வேலை பார்த்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? மீன்பிடித்தவர்களுக்கும் ரெயில்வேக்காரர்களுக்கும் பழக்கம் எப்படி?

இவை அற்ப விஷயங்கள் அல்ல. இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். கட்டிடம் மட்டும் ஊர் ஆகுமா?

ஒரு பேப்பர் பையனின் கதை

ஒருவர் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள்.

இரண்டாவது உலகப் போர் நடந்த காலம். போர் நெருக்கடியால் ராமேசுவரம் ஸ்டேஷனில் ரெயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போது பத்திரிகைக் கட்டுகள் எப்படி ஊருக்குள் வரும்? ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடுகிற ரெயிலில் இருந்து கட்டுகளை வீசி எறிவார்கள். அவற்றை எடுத்து ஊருக்குள் கொடுக்கும் வேலையை உறவினர் ஒருவர் செய்து வந்தார். அவருக்கு உதவி செய்ய ஒரு சிறுவன் சேர்ந்தான். அதுதான் அவன் வாழ்க்கையில் முதல் சம்பாத்தியம்.

அந்தச் சிறுவன் யார் தெரியுமா? பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதி ஆன ஏ.பி.ஜே. அப்துல் கலாம்!

இது நமக்கு எப்படித் தெரிந்தது? 'அக்கினிச் சிறகுகள்' என்ற தமது வாழ்க்கை வரலாற்றில் அவரே சொன்னார். அதனால் தெரிந்தது. போர்க் காலத்தில் அந்தத் தீவில் பத்திரிகை எப்படிக் கிடைத்தது என்ற சின்னச் செய்தி சாகாமல் பிழைத்துக்கொண்டது.

ஓடுகிற ரெயிலில் இருந்து அந்தக் கட்டை வீசிய ஊழியர் யார்? அவருக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் எழுதவில்லை. அது போய்விட்டது.

ஜனாதிபதி ஆனவர் மட்டும்தான் சிறுவயதுக் கதையைச் சொல்ல வேண்டுமா? போர்ட்டருக்கும் தபால்காரருக்கும் மீன் விற்ற பாட்டிக்கும் கதை கிடையாதா?

நேரம் ஓடுகிறது

புயல் அடித்த அன்று 10 வயதாக இருந்த சிறுமி, இன்று 70 வயதைத் தாண்டிய பாட்டி. அன்று 20 வயதாக இருந்த இளைஞர் 80 வயதைத் தாண்டிவிட்டார். அன்று 30 வயதில் உத்தியோகம் பார்த்தவர்களில் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணி விடலாம்.

தனுஷ்கோடியின் உண்மையான சரித்திரப் புத்தகம் இவர்கள்தான். ஒவ்வொருவர் கண் மூடும்போதும் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்து போகிறது. கிழிந்த பக்கத்தை ஒட்ட முடியாது.

கல்லும் காத்திருக்காது. மாதா கோவில் சுவர், ஸ்டேஷன் சுவர், தபால் ஆபீஸ், தண்ணீர்த் தொட்டி என்று எஞ்சி நிற்பவை சிலவே. பவளப் பாறைக் கல்லால் கட்டிய சுவர்களை உப்புக் காற்று அரிக்கிறது. மணல் மூடுகிறது. 2017-ம் ஆண்டு அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அதன் பிறகு ஜனங்கள் எளிதாக வந்து போகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் எத்தனை பேர் சுவரில் பெயர் கிறுக்காமல் திரும்புகிறார்கள்? 'இது என்ன கட்டிடம்? இங்கே யார் இருந்தார்கள்?' என்று பிள்ளை கேட்டால் எத்தனை தகப்பனாரால் பதில் சொல்ல முடியும்?

புயலில் பாம்பன் பாலத்தின் பெரும் பகுதி அடித்துக்கொண்டு போயிற்று. அதைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் தலைமையில் 46 நாட்களில் வேலை முடிந்தது! பின்னாளில் டெல்லி மெட்ரோ ரெயிலை அமைத்துப் பெயர் பெற்றவர் இவரே. பழைய பாலத்தில் 2022-ம் ஆண்டு டிசம்பரில் ரெயில் நின்றது. அதன் பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025-ம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது.

பாலத்தை 46 நாளில் நிமிர்த்திவிட்டோம். ஊரின் நினைவை 60 ஆண்டு ஆகியும் நிமிர்த்தவில்லை. நமக்குத் திறமை இல்லாமல் இல்லை. அக்கறைதான் இல்லை.

பழங்கதையால் என்ன பயன்?

"வயிற்றுப் பாட்டுக்கே வழி இல்லாதபோது பழங்கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. தனுஷ்கோடி மணலில் இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. அவர்களுடைய இன்றைய குறையைத் தீர்க்காமல் நேற்றைய கதையை மட்டும் பேசினால் அது வீண் பேச்சுத்தான்.

ஆனால் அந்தக் குடும்பங்களுக்கும் இந்தக் கதை வேண்டும். 'எங்கள் பாட்டனார் இங்கேதான் வலை வீசினார்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாட்சி வேண்டும். எழுத்தில் இல்லாத உரிமையை யார் மதிக்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. ராமேசுவரத்தில் இருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரெயில் பாதை போட 2019-ம் ஆண்டு மார்ச் மாதம் அடிக்கல் நாட்டினார்கள். பாதை வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். எது கட்டுவதானாலும், அன்று தண்ணீர் எந்தப் பக்கமாக வந்தது, எந்த மேடு மூழ்கியது, எந்த மேட்டில் ஏறியவர்கள் தப்பினார்கள் என்று தெரிய வேண்டாமா? ஊருக்குப் போகும் வழியில் உள்ள கோதண்டராமர் கோவில் அந்தப் புயலுக்குத் தப்பியது. அது எப்படி என்று கண்ணால் கண்டவர்களிடம் கேட்க வேண்டாமா? பழங்கதை என்று நாம் ஒதுக்குவதில் நாளை உயிர் காக்கும் பாடம் இருக்கலாம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, அரசாங்கம். எஞ்சி நிற்கும் ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். 'இது என்ன, எப்போது கட்டியது, இங்கே என்ன நடந்தது' என்று எளிய தமிழில் எழுத வேண்டும். சுற்றிலும் வேலி போட வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவு ஆகாது.

இரண்டாவதாக, ரெயில்வே. ஊழியர்களின் பதிவேடு, பழைய கால அட்டவணை, வரைபடம், படம் என்று தனுஷ்கோடி பற்றி எது இருந்தாலும் தேடி எடுத்துப் பிரதி எடுக்க வேண்டும். திருச்சியிலும் சென்னையிலும் ரெயில்வே மியூசியங்கள் இருக்கின்றன. என்ஜினுக்கு இடம் கொடுத்த மியூசியத்தில் ஓர் ஊருக்கும் ஒரு மூலை கொடுக்கலாமே!

மூன்றாவதாக, பள்ளிக்கூடங்கள். ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெரியவரைச் சந்தித்து, அவர் சொல்வதை எழுதி வரட்டும். வாத்தியார்கள் அதைத் தொகுத்து நூலகத்தில் வைக்கட்டும். பரீட்சைக்காகப் படிக்கும் சரித்திரம் மறந்து போகும். பாட்டி வாயால் கேட்ட சரித்திரம் மறக்காது.

நான்காவதாக, கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள நம்மவர்கள். தலைமன்னார் ரெயில் பாதை போரில் அழிந்து, 2015-ம் ஆண்டு மறுபடி திறக்கப்பட்டது. தலைமன்னாரிலும் மலைநாட்டிலும் தனுஷ்கோடி வழியாக வந்த நினைவு உள்ள முதியவர்கள் இருப்பார்கள். ஊரின் பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் முழுக் கதை.

நீங்களே செய்யலாம்!

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இதற்குப் பட்டம் தேவை இல்லை. எழுதத் தெரிந்தால் போதும். எழுதத் தெரியாவிட்டாலும் பாதகம் இல்லை. கையில் செல்போன் இருக்கிறதே! பெரியவர் பேசுவதை அதிலேயே பதிவு செய்யலாம்.

முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். துக்கத்தைக் கிளறுவது போல் புயலில் தொடங்க வேண்டாம். 'சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள் தாத்தா?', 'பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருந்தது பாட்டி?' என்று தொடங்குங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அவருடைய சொந்தப் பேச்சிலேயே எழுதுங்கள். திருத்தி அழகுபடுத்த வேண்டாம்.

பெயர், வயது, பேசிய தேதி, இடம் ஆகிய நான்கையும் தலைப்பில் எழுதுங்கள். இது மிக முக்கியம். தேதி இல்லாத பேச்சு, முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் சண்டை போட வேண்டாம். இரண்டையும் எழுதுங்கள். ஞாபகம் தடுமாறும். மற்றவர் பேச்சோடும் பழைய காகிதத்தோடும் ஒப்பிட்டால் உண்மை தானே தெளியும்.

பழைய போட்டோ இருந்தால் அதில் உள்ளவர்கள் யார் என்று கேட்டு, பின்புறம் ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். கிழிந்த காகிதத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் அதன் பசையே காகிதத்தைக் கெடுக்கும். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். அசலை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுங்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தனி மனிதர் ஒருவர் சேர்த்து வைத்த பழைய புத்தகங்களையும் காகிதங்களையும் கொண்டு எழுந்ததுதான். ஒருவர் சேர்த்தது நாட்டுக்கே சொத்தாயிற்று.

எந்தக் காகிதத்தையும் அற்பமாக நினைத்து எறியாதீர்கள். ஒரு டிக்கெட், ஒரு சம்பளச் சீட்டு, கொழும்பில் இருந்து வந்த ஒரு கடிதம் போதும். பழைய பேப்பர்க்காரருக்கு அது கால் ரூபாய் பெறாது. ஊருக்கோ அது ஓர் ஆவணம்!

உங்கள் ஊரிலும் ஒரு தனுஷ்கோடி

இது தனுஷ்கோடிக்கு மட்டும் சொன்ன யோசனை அல்ல. ரெயிலால் பிறந்த ஊர்கள், ரெயிலால் வளர்ந்த ஊர்கள் தமிழ்நாட்டில் பல. ஜோலார்பேட்டை, அரக்கோணம், விழுப்புரம், மானாமதுரை, பொன்மலை என்று சொல்லிக்கொண்டே போகலாம். புயல் வந்துதான் ஊரின் கதை அழிய வேண்டும் என்பதில்லை. மீட்டர் பாதை அகலப் பாதை ஆனபோது எத்தனையோ பழைய ஸ்டேஷன்கள் இடிந்தன. நீராவி என்ஜின் போனபோது, கரி அள்ளியவர்களின் கதையும் போயிற்று. புயல் ஓர் இரவில் செய்ததை மறதி ஓசை இல்லாமல் செய்து விடுகிறது.

1856-ம் ஆண்டு திறந்த ராயபுரம் ஸ்டேஷன் இன்றும் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரெயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. தூண்கள் நிற்பது மகிழ்ச்சியே. ஆனால் அங்கே மூட்டை சுமந்தவர்களின் பேச்சைத் தூண்கள் சொல்லுமா? மனிதன்தான் சொல்ல வேண்டும். மனிதன்தான் எழுத வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பெரியவர்களும் திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்.

"தாத்தா! நீங்கள் போட் மெயிலில் போயிருக்கிறீர்களா?"

இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பாருங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடல் கொண்ட ஊரை நம்மால் மீட்க முடியாது. ஆனால் அதன் கதை இன்னும் கரையில் நிற்கிறது. அடுத்த அலை வருவதற்குள் அதை எடுத்துக்கொள்வோம்.